ஜெயமணி அக்காவின் பதினாறாயிரம் பங்குகள்

மலாக்கா தெங்கேராவில் என் ஃபோட்டோகாப்பி கடைக்கும் பக்கத்து டோபி கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே முகப்பில் நின்று அழுக்குத் துணியை எடை போட்டு ரசீது எழுதுபவர் ஜெயமணி அக்கா. வயது அறுபத்து மூன்று. காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஆறு மணிக்குத்தான் உட்காருவார், அதுவும் பஸ்ஸில் இடம் கிடைத்தால். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன, இனி அதிக நேரம் நிற்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி மூன்று வருஷமாகிறது.

"நிக்காம எப்படி டாக்டர்? படுத்துக்கிட்டா துணிய எடை போடுவாங்க?" என்று கேட்டுவிட்டு, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இந்தத் தெருவில் பங்குச்சந்தை தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். என் ஞானத்தின் லட்சணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரோனா காலத்தில் ரப்பர் கையுறைக் கம்பெனிகளின் பங்குகள் கண்மண் தெரியாமல் ஏறினவே, அப்போது நானும் ஃபோனில் ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டு குதித்தேன். ஏழு மாதத்தில் நாற்பத்தொரு தடவை வாங்கி விற்றேன். புது மெஷின் வாங்க வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. இன்றைக்கும் என் கடையில் பழைய மெஷின்தான் இருமிக்கொண்டு ஓடுகிறது.

அதே ஏழு மாதத்தில் ஜெயமணி அக்கா எத்தனை தடவை விற்றார் என்று கேட்டால் பூஜ்யம். இருபத்திரண்டு வருஷமாக அவர் ஒரே கம்பெனியின் பங்கைத்தான் வாங்கியிருக்கிறார். கார்ன்பி பிளாண்டேஷன்ஸ். நியாலாஸ் பக்கம் இருந்த கார்ன்பி தோட்டத்தில் பிறந்தவர் அவர். பிறகு பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு ஃபேக்டரியில் வேலை செய்த காலத்தில், வருஷா வருஷம் வரும் போனஸில் ஐந்நூறு, அறுநூறு பங்கு என்று சேர்த்தார். ஐம்பத்தைந்தில் சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் அதில் பெரும்பகுதியை அங்கேயே போட்டார். மொத்தம் பதினாறாயிரம் பங்குகள். ஒரு பங்கு இரண்டு ரிங்கிட்டைத் தொட்டால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு டோபி கடைக்கு முழுக்குப் போடுவது என்பது அவர் திட்டம். நான் சொல்லும் கதை நடந்தபோது விலை ஒரு ரிங்கிட் பத்து சென்னில் படுத்துக் கிடந்தது.

அக்காவின் தங்கை மகள் ராகினி, மலாக்காவில் நிதித்துறை படிப்பதற்காக அவர் வீட்டில் தங்கியிருந்தாள். கல்லூரி விட்டதும் டோபிக்கும் என் கடைக்கும் நடுவில் நின்று எங்கள் இருவரையும் திருத்துவது அவள் பொழுதுபோக்கு.

"பெரியம்மா, தெரிஞ்ச பேரு, பக்கத்து ஊருன்னு பார்த்து ஒரே கம்பெனில போடுறது இன்வெஸ்டர்ஸ் செய்யுற பெரிய மிஸ்டேக். எவ்ளோ ரிசர்ச் இருக்கு தெரியுமா?"

"நீ முதல்ல படிச்சு முடிச்சிடுலா. அப்புறம் சர்டிபிகேட்டோட வந்து நான் செஞ்சது தப்புன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

நான் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். உடனே என் பக்கம் திரும்பினாள். "அங்கிள் சிரிக்காதீங்க. ஆம்பளைங்கதான் ஓவரா வாங்கி வித்து லாபத்த கரைக்கறாங்க, பொம்பளைங்க கையை வெச்சிக்கிட்டு சும்மா இருக்கறதால கூடுதலா சம்பாதிக்கறாங்கன்னும் ரிசர்ச் இருக்கு. உங்களைப் பார்த்துதான் எழுதியிருப்பாங்க போல."

பங்குதாரர் கூட்டம் என்றால் மற்ற ஊரில் என்ன நினைப்பார்களோ, எங்கள் தெருவில் அதற்கு அர்த்தம் பரிசுப் பை. கோலாலம்பூரில் வருஷாந்திரக் கூட்டத்துக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் கார்ன்பி கம்பெனி ஒரு பை கொடுக்கும். இரண்டு கிலோ சமையல் எண்ணெய், ஒரு பிஸ்கட் டின், சில வருஷம் குடை. இதைக் கண்டுகொண்ட ஜெயமணி அக்கா அக்கம்பக்கத்தில் எட்டுப் பேரை ஆளுக்கு நூறு பங்கு வாங்க வைத்தார். நான், மாவு மில் அன்னம்மா அக்கா, இன்னும் ஆறு பேர். வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துப் போவோம். பையை வாங்கிக்கொண்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, ஓட்டு என்று யாராவது பேச்செடுக்கும்முன் வேனில் ஏறிவிடுவோம்.

கொரோனா வந்தது, கூட்டம் திரைக்குப் போயிற்று. ஃபோனில் ஒரு தட்டு தட்டினால் வௌச்சர் வந்தது. 2025 மார்ச்சிலிருந்து வெறும் திரையில் மட்டும் கூட்டம் நடத்தக்கூடாது, ஆட்கள் நேரில் வர வழியிருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். திரையில் நடக்கும் கூட்டம் சீக்கிரம் முடிகிறது, கேள்விகளுக்குக் கிடைக்கும் நேரமும் குறைகிறது என்று வெளிநாட்டில் ஆராய்ந்து எழுதியிருப்பதாக ராகினி சொன்னாள். எங்களுக்கு அதனால் ஒன்றும் வருத்தமில்லை. நாங்கள்தான் கேள்வியே கேட்டதில்லையே.

விதி மாறிய சில மாதங்களில் கார்ன்பியிலிருந்து ஒரு தடித்த தபால் வந்தது. சிறப்புப் பொதுக்கூட்டம். உள்ளே நூற்றெண்பது பக்கப் புத்தகம், கூடவே நீல நிறத்தில் ஒரு படிவம். நேரில் வர முடியாதவர்கள் கூட்டத் தலைவரையே தங்கள் பிரதிநிதியாக நியமித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பலாம். பன்னிரண்டாம் தேதிக்குள் அனுப்பினால் முப்பது ரிங்கிட்டுக்குப் பொரித்த கோழி வௌச்சர். அக்கா ஒரே காலையில் ஒன்பது கையெழுத்தும் வாங்கிவிட்டார். படிவங்களை நகலெடுத்து, தபாலில் சேர்த்ததும் நான்தான். நான்கு நாளில் வௌச்சர் வந்தது. கோழி நன்றாகவே இருந்தது.

அதற்கடுத்த வாரம், உண்மையான வியாபாரம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும் என்று ராகினி அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் மூச்சிரைக்க டோபிக்கு வந்தாள்.

"பெரியம்மா, நீங்க எதுக்கு கையெழுத்துப் போட்டீங்கன்னு தெரியுமா?"

"கோழிக்கு" என்றார் அக்கா, போர்வை ஒன்றை மடித்துக்கொண்டே.

அவள் சொன்னதன் சுருக்கம் இது. நியாலாஸில் உள்ள நானூறு ஏக்கர் கார்ன்பி தோட்டத்தைக் கம்பெனி விற்கப் போகிறது. வாங்குவது கம்பெனித் தலைவரின் மகனுடைய வீட்டு மேம்பாட்டு நிறுவனம். விலை, ஏக்கருக்கு எழுபதாயிரம் ரிங்கிட். வாங்குவதும் அவர்கள் குடும்பமே என்பதால், இந்த ஒரு விஷயத்தில் அவர்களுடைய பங்குகளுக்கு ஓட்டுக் கிடையாது. முடிவு செய்ய வேண்டியது மற்றவர்கள், அதாவது சில முதலீட்டு நிதிகளும் எங்களைப் போன்ற எண்ணெய்ப் பை ஆட்களும். அதனால்தான் கோழி.

"சுயேச்சை ஆலோசகர்னு ஒருத்தர வெச்சு ரிப்போர்ட் எழுத வெச்சிருக்காங்க" என்றாள் ராகினி. "இந்த விலை நியாயமானது இல்ல, ஆனா ஏத்துக்கக்கூடியதுன்னு எழுதியிருக்காரு."

"நியாயமில்லாதது எப்படிலா ஏத்துக்கற மாதிரி இருக்கும்?"

"அது அவங்க பாஷை பெரியம்மா. மத்தத விடுங்க. கம்பெனிகிட்ட உருப்படியா இருக்கற சொத்தே இந்த நிலம்தான். இது இந்த விலைக்குப் போச்சுன்னா உங்க ஷேர் ரெண்டு வெள்ளிக்கு வரவே வராது."

அக்கா போர்வையைக் கீழே வைத்தார். சுவரோரம் கிடந்த நெகிழிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என் கையாலேயே அந்தப் படிவங்களைத் தபாலில் போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிடக் கோபமாக இருந்தது.

ராகினிதான் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டுபிடித்தாள். கையெழுத்துப் போட்டவர் கூட்டத்துக்கு நேரில் வந்துவிட்டால் அந்தக் கையெழுத்து செல்லாது. ஆக, ஒன்பது பேரும் போனால் ஒன்பது ஓட்டையும் மீட்கலாம். ஆனால் ஒன்பது பேரின் பங்கையும் சேர்த்தால் பதினாறாயிரத்து எண்ணூறு. அங்கே பேச்சு கோடிக்கணக்கில். எங்கள் ஓட்டுக்காக வேன் வாடகை கொடுப்பதே தண்டம்.

"வேற என்னா எழுதியிருக்கான் அதுல? படி" என்றார் அக்கா.

அவள் படித்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன். மதிப்பீட்டாளர் அறிக்கை, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. நிலத்துக்குப் பொதுச்சாலையோடு நேரடித் தொடர்பு இல்லை. சுற்றிலும் பிறர் நிலம். எனவே மதிப்பில் கழிவு செய்யப்பட்டுள்ளது என்று இருந்தது.

"இன்னொரு தடவ படி."

மறுபடியும் படித்தாள்.

"ரோடு இல்லையா? முன்னாடி மண்ரோடு, நான் ஃபேக்டரிக்கு வந்த பிறகு கவர்மெண்டு ஜேகேஆர்காரன் தார் போட்டான். தோட்டத்து மேற்கெல்லை பூரா அந்த ரோடுதானே? நியாலாஸ் டவுனுக்கு பஸ்ஸே அதுலதான்லா ஓடுச்சு!"

ஞாயிற்றுக்கிழமை என் காடியில் மூவரும் நியாலாஸுக்குப் போனோம். அக்கா பிறந்த இடத்தைப் பார்த்ததும் உருகுவார், நாமும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம் என்று நான் தயாராகவே இருந்தேன். தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் பதினைந்து வருஷமாகிறது, குடும்பங்களெல்லாம் டவுன் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டன. எங்கு பார்த்தாலும் செம்பனை. "என்னாக்கா, பழசெல்லாம் நெனப்பு வருதா?" என்று கேட்டேன். "கொசுதான் நெனப்பு வருது. சாலைய பாரு" என்றார்.

சாலை இருந்தது. தார், நடுக்கோடு, பொதுப்பணித்துறை நட்ட கிலோமீட்டர் கல், வேகக்கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் இருந்தன. ஒருபுறம் சாக்கடை, மறுபுறம் கார்ன்பி கம்பெனியின் பெயர் எழுதிய எல்லைத் தூண்கள் வரிசையாக. ராகினி படமெடுத்தாள். அக்கா வலியோடு இரண்டரை கிலோமீட்டர் நடந்து தூண்களை எண்ணினார். காடியில் போகலாமே என்றேன். வண்டியில் போனால் ஒன்றிரண்டு தப்பிவிடும் என்றார். மொத்தம் முப்பத்தேழு தூண்கள்.

ஆட்களைத் திரட்டுவதுதான் கஷ்டமாகிவிட்டது. இந்தத் தடவை பை கிடையாது என்று தெரிந்ததும் தெருவே சுருண்டுகொண்டது.

"பை இல்லாம என்னாத்துக்கு அவ்ளோ தூரம்?" என்றார் அன்னம்மா அக்கா.

"நான் எண்ணெ வாங்கித் தரேன், வா."

"ரெண்டு கிலோவா?"

"ரெண்டு கிலோதான். கிளம்பு தாயே."

இப்படியாக ஒன்பது பேரும், கூடவே ராகினியும், விடிகாலையில் வேன் ஏறினோம். வழியில் நிறுத்திப் பசியாறினோம். அக்கா மட்டும் ஒன்றும் சாப்பிடவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஏ-த்ரீ அளவுக்குப் பெரிதாக்கி, படங்களோடு சேர்த்து நான் முப்பது பிரதி எடுத்திருந்தேன். என் பழைய மெஷின் அன்றைக்கு ஒரு தாளைக்கூட மெல்லவில்லை. அந்தக் கட்டை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

ஹோட்டல் மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். மேடையில் டத்தோ பட்டம் பெற்ற கம்பெனித் தலைவர், வழக்கறிஞர், மதிப்பீட்டாளர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டத்தோ அழகாகப் பேசினார். நாற்பது நிமிஷம் பேசிவிட்டு, நேரம் குறைவு, இரண்டு கேள்விக்கு இடமுண்டு என்றார். முதல் கேள்வியை யாரோ காப்பி சூடாக இல்லை என்று கேட்டு வீணாக்கினார்கள். அடுத்து அக்கா எழுந்தார். ஒலிவாங்கி இருந்த இடத்துக்கு அவர் நடந்து போய்ச் சேர்வதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

"டத்தோ, சாயா நாக் தான்யா" என்று மலாயில் ஆரம்பித்தார். கேட்க வேண்டும் என்று சொன்ன குரல் கொஞ்சம் நடுங்கியது. பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. நிலத்துக்குச் சாலை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் போன வாரம் அந்தச் சாலையில் நடந்தேன். இரண்டரை கிலோமீட்டர், உங்கள் கம்பெனித் தூண் முப்பத்தேழு. இதோ படம். மதிப்புப் போட்டவர் அங்கே போனாரா?

டத்தோ புன்னகைத்தார். "மாக்சிக்" என்று வீட்டு அத்தையைக் கூப்பிடுவது போல ஆரம்பித்து, இதெல்லாம் நிபுணர்கள் செய்த வேலை, நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்றார்.

"நான் கவலைப்படலை டத்தோ. கேள்வி கேட்டேன்."

இதற்குள் நாங்கள் எட்டுப் பேரும் தாள்களை வரிசைக்கு ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனோம். அன்னம்மா அக்கா கல்யாண வீட்டில் தாம்பூலம் கொடுப்பவரைப் போல விழுந்து விழுந்து கொடுத்தார். மூன்றாம் வரிசையில் தூடோங் முக்காடு அணிந்த ஓர் இளம்பெண் தாளை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்தாள். பெரிய முதலீட்டு நிதி ஒன்றின் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டாள். அந்த அம்மாவின் கேள்விக்குப் பதில் வரட்டும், பிறகு ஓட்டுப் போடலாம் என்றாள், அமைதியாக.

மதிப்பீட்டாளர் தொண்டையைச் செருமினார். கிடைத்த வரைபடத்தை வைத்துத்தான் கணக்கிட்டோம் என்றார். எந்த வருஷத்து வரைபடம் என்று அந்தப் பெண் கேட்டாள். அவர் தாள்களைப் புரட்டினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. எனக்கு எழுந்து நின்று விசிலடிக்க வேண்டும் போல் இருந்தது.

ஓட்டு எண்ணி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தீர்மானம் தோற்றது, எதிராக ஐம்பத்தெட்டு சதவீதம். எங்கள் வேனின் பங்கு அதில் ஒரு துளிகூட இல்லை, சாய்த்தது நிதிகளின் ஓட்டுதான். அது எனக்கும் தெரியும். ஆனால் அந்த நிதிகளிடம் வரைபடம் இருந்தது, சாலையில் நடந்த கால் இல்லை. திரும்பும் வழியில் ராகினி பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பக்கத்து ஊர்க் கம்பெனி என்று வாங்கியது தப்பா இல்லையா என்று நான் சீண்டினேன். "இன்னும் தப்புதான் அங்கிள். இந்தத் தடவ தப்பிச்சிட்டாங்க" என்றாள், விட்டுக்கொடுக்காமல்.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். யாரோ படத்தை வாட்சப்பில் போட, விஷயம் ஊரெல்லாம் பரவியது. தீபாவளி உபசரிப்பில் ஒரு சங்கத்தார் அக்காவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். "மூதாதையர் வியர்வை சிந்திய மண்ணைக் காத்த வீரத் தமிழ்ப்பெண்" என்று ஒருவர் முழங்கினார். நானும் கையைத் தட்டினேன். சொல்லப்போனால் அந்த வாழ்த்துமடலை வடிவமைத்து அச்சடித்ததே நான்தான், இலவசமாக. அக்கா பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஏழு மாதம் கழித்து மறுபடியும் கூட்டம். நிலம் அதேதான், வாங்குபவரும் அவரேதான். ஆனால் புது மதிப்பீட்டாளர், சாலையோடு. ஏக்கருக்கு ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். விற்ற பணத்தில் பங்குதாரர்களுக்குச் சிறப்பு லாபப் பங்கும் உண்டு. இந்தத் தடவை யாரும் கூப்பிடாமலே தெரு முழுக்க வேன் ஏறியது. மறுபடியும் தோற்கடிப்போம் என்று நான் வழியெல்லாம் வீராப்புப் பேசினேன்.

மண்டபத்தில் ஆளுக்கு ஒரு சிறு கருவி கொடுத்தார்கள், ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, கொஞ்சமும் யோசிக்காமல் பச்சையை அழுத்தினார்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னாக்கா இது? நீங்க பொறந்த மண்ணாச்சேக்கா. ஊரே உங்களுக்குப் பொன்னாடை போத்துச்சே, போயும் போயும் விக்கச் சொல்லி அமுக்கறீங்களே?"

"நான் எப்போ விக்க வேணாம்னு சொன்னேன்? கொறச்சு விக்காதன்னுதான் சொன்னேன்."

"அப்போ மண்ணு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. டோபி முகப்பில் தொலைந்த சட்டையைக் கேட்டு வருகிறவர்களிடம் பேசும் அதே குரல்தான்.

"எங்கப்பா அந்த மண்ணுல முப்பத்தோரு வருஷம் ரப்பர் பால் வெட்டினாரு தங்கராஜு. வாரத்துக்கு ரெண்டு நாள், பால்ல தண்ணி இருக்குன்னு சொல்லி கணக்கு எழுதற கிராணி பாதிக் கூலிய வெட்டிருவான். அவரு கைய கட்டிக்கிட்டு நின்னுட்டு, குடுத்தத வாங்கிட்டு வருவாரு. என்னா கணக்குன்னு கேக்க அவருக்கு வாய் இல்ல. இன்னிக்கு அவரு மக கேட்டா, முழு வெலய குடுக்கறாங்க. அத வேணாம்னு சொல்ல நான் யாரு?"

சொல்லிவிட்டு முழங்காலை நீவிக்கொண்டு மேடையைப் பார்த்தார். கண்ணில் நீர் நின்றது, துடைக்கவில்லை. என் கையில் இருந்த கருவியில் இன்னும் எட்டு நொடிகள் பாக்கி என்று காட்டியது.

நான் பச்சையை அழுத்தினேன்.